இடி மறுபடியும் இடித்தது

இணையத்தில் இருந்த அந்த ஜூடோ மன்றத்தில் அவளுடைய பெயர் 'இடி'. தன்னைவிடக் கனமான ஆளை எப்படிச் சாய்ப்பது என்று அவள் எழுதினால், ஆண்கள் எல்லாம் 'அண்ணே, அண்ணே' என்று சந்தேகம் கேட்பார்கள். தான் ஒரு பெண் என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். "வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல டைப் பண்றீங்களா?" என்று ஆளாளுக்குக் கேலி பேசினார்கள். வெறுத்துப்போய் வெளியேறினாள்.

பல வருடம் கழித்து, அவள் முடிவெட்டும் வேலை பார்க்கும் சலூனில் கூட்டமில்லாத ஒரு மத்தியானம், பழைய பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்தாள். உள்ளே விட்டது.

"இடி திரும்பி வந்திருக்கேன். இப்பவும் பொம்பளதான்" என்று எழுதினாள்.

அட்மின் உடனே வந்தார். "பழசைக் கிளறாதீங்க. பெண்கள் பகுதி தனியா இருக்கு, அங்க போங்க."

கணவனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். "எதுக்கு வம்பு, விட்டுத் தள்ளு" என்றான்.

"நான் ஏன் விடணும்?"

யாரும் பதில் எழுத முடியாதபடி, அவள் தொடங்கிய உரையாடல் திரியை அட்மின் பூட்டினார். அதே தலைப்பில் இன்னொன்று திறந்தாள். அதையும் பூட்டினார். வந்திருந்தவருக்கு முடிவெட்டி அனுப்பிவிட்டு மூன்றாவதைத் திறந்து, ஒரு பிடியை விலாவாரியாக விளக்கினாள்.

முதல் பதில் 'பாறை'யிடமிருந்து வந்தது. மன்றமே பயப்படும் முரட்டு ஆள்.

"அக்கா, நானும் பொம்பளதான். இத்தனை நாள் பயந்துகிட்டுச் சொல்லல. அட்மின் சார், முடிஞ்சா என்னையும் சேர்த்துப் பூட்டுங்க!"

இந்தத் திரியை அட்மின் பூட்டவில்லை. அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அடுத்த பிடியை எழுதத் தொடங்கினாள்.