அமுங்கிய ஓரம்

1

"மதியம் நீ யார்கூட சாப்பிடுவே?" என்று டாக்டர் குவாபாரா ஒருமுறை கேட்டார். எலிக் கல்லீரல் சீவல்களுக்குச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்த ஆய்வுக்கூட உதவியாளர் மிஹோ அடுத்த ஸ்லைடை எடுத்தாள். பள்ளியைப் பாதியில் விட்டதிலிருந்து அவள் தனியாகத்தான் சாப்பிடுகிறாள். சொல்லாமல் விட்ட அந்தப் பதிலிலிருந்துதான் இந்தக் கதையை எழுத ஆரம்பித்தாள்.

பிவா ஏரியின் மேல் மழை பெய்துகொண்டிருந்த அந்த

(வேண்டாம். ஆய்வுக்கூடத்தில் ஜன்னலே இல்லை.)

2

மறுபடியும். டாக்டரோடு சாப்பிட ஒரே ஒருவர்தான் வருவார்: நிஷிவாகி. நெற்பயிருக்கான புதுப் பூச்சிமருந்தை உருவாக்கியவர். அதைத் தின்ற எலிகளின் கல்லீரலைத்தான் டாக்டர் நுண்ணோக்கியில் பார்க்கிறார். கட்டி என்று எழுதினால் மருந்தின் கதை முடிந்தது. மதியச் சாப்பாட்டின் கதையும்.

(முதலில் டாக்டருக்கு ஒரு மனைவியைக் கொடுத்திருந்தாள். அந்த அம்மாள் கடைசிவரை வாயே திறக்கவில்லை. எடுத்துவிட்டாள்.)

3

ஸ்லைடில் இருந்ததை எழுதியாக வேண்டும். வெளிறிய செல்கள் வட்டமாகக் கூடியிருந்தன. அவற்றின் வரிசைகள் அக்கம்பக்கத்து வரிசைகளோடு இழைந்து போயிருந்தால் அது வெறும் நிறம் மாறிய திட்டு, கட்டி இல்லை. இங்கே வரிசை குலைந்திருந்தது. வட்டம் பெருத்துத் தள்ளியதில் ஓரத்துச் செல்கள் நசுங்கிச் சப்பையாகக் கிடந்தன. கட்டிதான். டாக்டர் அந்த ஓரத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தார்.

(அந்த வட்டத்துக்குத் தனியாக இருக்கிறோம் என்று தெரியுமா? செல்லுக்கு அதெல்லாம் தெரியாது. ஆனாலும் இந்த வரியை அடிக்க மனம் வரவில்லை.)

4

"என்னய்யா, எலிங்க சௌக்கியமா?" நிஷிவாகி டப்பாவைத் திறந்தார்.

"செத்தாத்தானே என்கிட்ட வரும்."

"உன் மூஞ்சியைப் பார்த்தா நீயும் அதுங்களோட வந்த மாதிரி இருக்கு. சாப்பிடு."

எப்போதும்போல் ஒரு முட்டைச் சுருளை எடுத்து டாக்டரின் டப்பா மூடியில் வைத்தார்.

"நிஷிவாகி, ஓரம் அமுங்கியிருக்கு."

"ஒரு எலியிலயா?"

"மருந்து அதிகமா தின்னதுல பாதிக்கு மேல."

"அதை வெறும் திட்டுன்னு..."

"முடிக்காதே. நீ கேட்டா எழுதிடுவேன்."

5

ஒரு முடிவு: நிஷிவாகி கேட்டுவிடுகிறார். (டாக்டர் எழுதியும்விடுவார். மிஹோவுக்குப் பயமாக இருக்கிறது.)

இன்னொன்று: "நாளைக்கும் முட்டை கொண்டு வரேன்" என்று சிரிக்கிறார். (அவளுக்கு இதுதான் வேண்டும். அதனாலேயே நம்ப முடியவில்லை.)

நாளை அந்த நாற்காலியில் யார் உட்காருவார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மூலை மேசையிலிருந்து மிஹோ பார்த்தது இவ்வளவுதான். நிஷிவாகி அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. டப்பாவை மூடினார். முட்டையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நாற்காலியை மேசைக்கடியில் தள்ளிவிட்டு வெளியே போனார்.