பப்பாசி தடவிய கிடாய்

எஞ்சினைப் பற்றிக் கொலினுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஆட்டிறைச்சியைப் பற்றித் தெரிந்ததும் ஒன்றுமில்லை. அப்படிப்பட்டவனைத்தான், "அப்பா, அவர் சோக்கா சமைப்பார்" என்று கம்சாயினி தன் தகப்பனிடம் அளந்துவிட்டிருந்தாள். காதலித்தால் வாய் சும்மா கிடக்காது போலும்.

தகப்பன் வினாயகமூர்த்தி கிரானில் வயல் செய்கிறவர். சைவ சமயத்து மகளை நாவற்குடாவில் ஒரு கத்தோலிக்கப் பறங்கி வீட்டுக்குக் கொடுப்பதா என்று மூன்று மாதம் யோசித்தார். கடைசியில், "ஞாயிற்றுக்கிழமை அந்தப் பொடியன்ட கையால சாப்பிட்டுப் பாத்துட்டுச் சொல்லுறன்" என்றார். இலேசான ஆளில்லை. தம்பி மகளுக்கு வந்த மாப்பிள்ளையை, இறைச்சி வேகவில்லை என்ற ஒரே குற்றத்துக்காகத் திருப்பி அனுப்பியவர். இறைச்சி வேகும்வரை பொறுக்காதவன் பெண்சாதியை எப்படிப் பொறுப்பான் என்பது அவருடைய கட்சி.

"அப்பாட வாயில 'மருமகன்' எண்டு வந்தா எல்லாம் சரி. 'தம்பி, போயிட்டு வாறன்' எண்டு எழும்பினாரெண்டா நம்மட கதை முடிஞ்சுது," என்று கம்சாயினி முன்கூட்டியே சொல்லிவைத்தாள்.

கொலின் கராஜைப் பூட்டிவிட்டுச் சனிக்கிழமை பின்னேரம் இறைச்சிக் கடைக்குப் போனபோது கிழட்டுக் கிடாய்தான் மிஞ்சியிருந்தது. நல்லவேளை, தங்கை அன்ட்றியா வந்தாறுமூலைக் கம்பஸில் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். பச்சைப் பப்பாசிக்காயை அரைத்துத் தடவினால் அதிலுள்ள நொதியம் இறைச்சி நாரை வெட்டி மெதுவாக்கும் என்றாள். தடவி பிறிட்ஜில் வைத்தார்கள்.

ஞாயிறு காலையில் தாய் எல்சியோடு தேவாலயப் பூசைக்குக் கிளம்பும்போது அன்ட்றியா கேட்டடியில் நின்று கத்தினாள்: "அண்ணா, எடுத்த உடன பெரிய நெருப்பில வச்சுக் கொதிக்க விடு!"

"ஓம், ஓம்."

கொலின் இறைச்சியை எடுத்து அமத்திப் பார்த்தான். டயர் மாதிரி இருந்தது. இதுக்குப் போய்ப் பெரிய நெருப்பா? இருபது வருசமாக எஞ்சின் பார்க்கிறவனுக்கு யார் படிப்பிக்கிறது? குளிர்ந்து கிடக்கிற எஞ்சினை எடுத்த எடுப்பில் முறுக்கினால் என்ன ஆகும்? முதலில் மெல்லச் சூடேற வேண்டும். அடுப்பை ஆகக் குறைந்த நெருப்பில் வைத்து, சட்டியை மூடிவிட்டு, நிம்மதியாகப் பருப்பையும் கத்தரிக்காயையும் கவனித்தான்.

ஒன்றரை மணித்தியாலம் கழித்து மூடியைத் திறந்தான். அகப்பையை விட்டுத் துழாவினான். துண்டு ஒன்றையும் காணவில்லை. கழுவி வைத்தது போல எலும்புகள் மட்டும் மேலே வந்தன. மற்றதெல்லாம் கூழ்.

"என்ட ஆண்டவரே!"

பூசை முடிந்து வந்த அன்ட்றியா சட்டியைத் தொட்டுப் பார்த்துத் தலையில் கைவைத்தாள். "நொதியம் குளிருக்குள்ள சோம்பிக் கிடக்கும், அண்ணா. சூடு ஏற ஏறத்தான் அதுக்கு வேகம் வரும். கொதிச்சா செத்துப்போகும். அதுக்குத்தான் உடன கொதிக்க வையெண்டு சொன்னன். நீ அதுக்கு எந்தச் சூடு ஆகப் பிடிக்குமோ, அந்தச் சூட்டிலயே ஒன்றரை மணித்தியாலம் வச்சிருக்கிறாய்! அது விடுமா?"

"இப்ப என்ன செய்யிற?"

"இப்பவெண்டாலும் கொதிக்க விடு. இல்லாட்டி எலும்பையும் தேட வேண்டி வரும்."

சாகப்போகிறவனிடம் பகிடி விடுகிறாளே என்று கொலினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு இறைச்சி வாங்கலாமென்றால், "செங்கலடி தாண்டிட்டம்" என்று தகப்பனோடு வந்துகொண்டிருந்த கம்சாயினி போனில் சொல்லிவிட்டாள். நெருப்பைக் கூட்டி, மிளகாய்த்தூளும் தேங்காய்ப்பாலும் விட்டு வற்றவைத்து இறக்கினான். மணம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. பார்வைக்குத்தான் சம்பலா கறியா என்று தெரியவில்லை.

வினாயகமூர்த்தி வந்தார். அதிகம் பேசவில்லை, உதட்டை இறுக்கிக்கொண்டே இருந்தார். சோற்றுக் கோப்பையில் விழுந்த கறியை உற்றுப் பார்த்தார். கம்சாயினி நிலத்தைப் பார்த்தாள். அவர் சோற்றோடு பிசைந்து ஒரு வாய் வைத்தார். பிறகு இரண்டாம் வாய். பிறகு, "இன்னும் கொஞ்சம் போடுங்க தம்பி." மூன்று தரம் வாங்கினார். ஆனால் 'தம்பி'தான்.

கிணற்றடியில் அவர் கை கழுவும்போது கொலின் துவாயோடு போய் நின்றான். பொய்க்கு ஒரு பாராட்டு வாங்கி அதில் குடும்பம் நடத்த அவனுக்கு மனமில்லை.

"ஐயா, உண்மையச் சொல்லுறன். கறி பிழைச்சுப் போச்சு. துண்டு துண்டாத்தான் வந்திருக்க வேணும். நான் செஞ்ச பிழைதான்."

வினாயகமூர்த்தி வீட்டுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, சேட்டுப் பையிலிருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே புத்தம்புதுப் பல்செட் ஒன்று சிரித்தது.

"செவ்வாக்கிழமைதான் பல் டொக்டர் கட்டினான். போட்டா உசிர் போகுது, ஒண்டையும் கடிக்க ஏலாது. வீட்டில ஒருத்தருக்கும் சொல்லல்ல. அஞ்சு நாளாக் கஞ்சிதான். இஞ்ச வந்து இறைச்சியோட மல்லுக்கட்டி மானம் போகப்போகுதெண்டு வழியெல்லாம் பயந்துட்டு வந்தனான்."

கிழவர் பொக்கை வாயால் சிரித்து, பல்லை மறுபடி பைக்குள் போட்டார்.

"அடுத்த ஞாயிறும் வாறன். அதே பிழைய அப்படியே செய்யுங்க, மருமகன்."