ஸ்ரீபன் வெட்டிய மரம்

மனைவியின் தம்பியை நீங்களே பிடித்துக் கொடுத்து மறியற்சிறைக்கு அனுப்பிவிட்டு, மூன்று வருடம் கழித்து அவன் வெட்டிய இடத்தில்தான் காடு பிழைத்திருக்கிறது என்று கண்டால், அதை நாலு பேர் முன்னால் சொல்வீர்களா?

கொக்கிளாய் மரியநேசனுக்கு அந்த நிலைமை வந்தது, அறுபத்திரண்டாம் ஆண்டு மாசியில்.

அவர் கண்டல் காப்புச் சங்கத்தின் செயலாளர். கடலோடு சேரும் உப்புக் களப்பின் கரையில், தண்ணீருக்குள் வேரூன்றி நிற்கும் கண்டல் மரத்தின் பட்டையை அவித்துத்தான் அங்கே பருத்தி வலைக்குச் சாயம் ஏற்றுவார்கள். ஏற்றாத வலை சீக்கிரம் இற்றுப்போகும். வலை கூடக் கூட மரம் குறைந்தது; மரம் குறைய, அதன் வேருக்குள் வளரும் இறாலும் குறைந்தது. ஒரு மரத்திலும் கைவைக்கக் கூடாது என்று காட்டு இலாகாவைக் கொண்டு சங்கம் தடை போடுவித்தது. மரமில்லாமல் வெட்டையான கரையில் புதுக் கன்றும் நட்டது. நடக் காட்டிக் கொடுத்தவர் தலைவர் அப்புத்துரை. இந்தக் கரையில் குடியேறுமுன் யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டம் செய்தவர். கயிறு பிடித்து, அடி அளந்து, நேர்நேராக நடுவித்தார்.

தடை வந்த மாதமே மரியநேசனின் மனைவி மதலேனாவின் தம்பி ஸ்ரீபன் காட்டின் நடுவில் ஒரு கிழட்டு மரத்தைச் சாய்த்தான். சட்டம் சொந்தத்துக்கும் ஒன்றுதான் என்று மரியநேசன் காட்டு இலாகாவின் கந்தோருக்கு எழுதிப் போட்டார். பதினாலு நாள், இரண்டு கிழமை மறியல். அதன்பிறகு ஸ்ரீபன் அக்கா வீட்டுப் படலையைத் திறக்கவில்லை. மதலேனா புருசனோடு பேசினாள், தேவைக்கு மட்டும்.

நட்ட கன்றுகளை ஒவ்வொரு வருடமும் வாடைக்காற்றின் அலை அள்ளிக்கொண்டு போனது. மூன்றாம் முறையும் போனபின், மரியநேசன் வெறுங்கரையைப் பார்க்க மனமில்லாமல் தோணியைக் காட்டுக்குள் விட்டார். இருட்டிய வேர்களுக்கு நடுவே ஓரிடத்தில் வெயில் விழுந்தது. ஸ்ரீபன் தறித்த அடிக்கட்டை. அதைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குக் கன்றுகள், நெருக்கியடித்துக்கொண்டு, ஒரு வரிசையும் இல்லாமல். பக்கத்து மரங்கள் அலையைத் தடுத்திருந்தன. விழுந்த மரம் வெளிச்சத்துக்கு வழி விட்டிருந்தது. நிழலில் விழுந்த காய்கள் முளைத்தும் வாடிக் கிடந்தன.

வீட்டில் சொன்னார். மதலேனா மீன் வெட்டும் கையை நிறுத்தவில்லை.

"உங்கட எழுத்து கந்தோர் வரைக்கும் போச்சுது. இந்தக் கதை கோயில் விறாந்தை வரைக்குமாவது போகட்டும்."

ஞாயிறு பூசை முடிந்து விறாந்தையில் கூட்டம் கூடியது. மரியநேசன் கண்டதை ஒளிக்காமல் சொன்னார்.

"அப்ப நான் மூண்டு வரியமாக் கயிறு பிடிச்சது மீனுக்குச் சட்டை தைக்கவோ?" என்றார் அப்புத்துரை.

"ஐயா, கண்டல் இலையைப் புகையிலை எண்டு நினைச்சுச் சுருட்டிப் பத்திப் பாருங்கோவன்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். விறாந்தை சிரித்தது. மரியநேசன் சிரிக்கவில்லை.

"கரையில நடுறதை விடுவம். வருசத்துக்கு நாலு கிழட்டு மரம் வெட்டுவம், ஒண்டுக்கொண்டு எட்டத்தில. கந்தோருக்கு நானே எழுதி அனுமதி எடுக்கிறன். பட்டை வலைக்காரருக்கு. மரம் விழுந்த இடத்தில கன்றுகள் வளருமட்டும் ஒருத்தரும் தொடக்கூடாது. காடு தன்ர பாட்டில செய்யிறதைத்தான் நாங்களும் செய்யவேணும்."

தூணடியில் நின்ற ஸ்ரீபன் வாய் திறந்தான்.

"அப்ப என்ர ரெண்டு கிழமை, அத்தான்?"

மூன்று வருடத்துக்குப் பிறகு அவன் வாயில் அந்த 'அத்தான்'.

"அதைத் திருப்பித் தர என்னட்ட வழியில்லை, தம்பி. எழுதினது நான். பிழையும் என்ரதான்."

ஸ்ரீபன் படியிறங்கிப் போனான். மரியநேசனின் யோசனைக்கு அப்புத்துரைதான் முதலில் கையை உயர்த்தினார். பிறகு எல்லாரும் உயர்த்தினார்கள்.

மறுநாள் காலை ஆறு பேர் காட்டுக்குள் போய் நான்கு மரங்களுக்குச் சுண்ணாம்பு அடையாளம் போட்டார்கள். ஸ்ரீபன் வரவில்லை.