பொக்கைக் கழுகு

முட்டைத் தட்டுக்குப் பின்னால் இன்சுலின் குப்பி இருந்தது. மூடியின் சீல்கூட உடைபடவில்லை. மூன்று நாளாகக் காலையும் மாலையும் அந்த ஃபிரிட்ஜைத் திறந்து மூடியவள் நான்தான். கண்ணை எங்கே வைத்திருந்தேனோ தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் திங்கட்கிழமை காலை உபவாச ஜெபத்துக்கு என்று சபையின் மாடி அறைக்குப் போனார். ஊசிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் போனார். சாப்பாடு மட்டும்தான் கிடையாது, பழச்சாறும் ஊசியும் உண்டு, டாக்டரிடமும் கேட்டாயிற்று என்றார். பதினெட்டு வருடம் பஸ் ஓட்டியவர், ஒரு தடவைகூட சிவப்பு விளக்கைத் தாண்டாதவர் சொன்னால் நம்பாமல் என்ன செய்வேன்? பையைக் கொண்டுபோய் மருந்தை வீட்டில் ஒளித்து வைப்பார் என்று கனவிலும் நினைக்கவில்லை. அன்றைக்குப் புதன்கிழமை, மதியம் ஒன்றரை மணி. ஊசி இல்லாமல் மூன்றாம் நாள்.

ஸ்கூட்டரை எடுக்கும்முன் ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். பிறகு அண்ணனுக்கு. அண்ணன்தான் அந்தச் சபையின் போதகர். மாடிக்கு ஓடுங்கள், கதவைத் தட்டுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு போனேன், ஏனென்றால் இதற்கெல்லாம் விதை போட்டவளே நான்.

போன சனிக்கிழமை சாயங்காலம் நடந்தது அது. நான் வேலை பார்ப்பது பறவைகளுக்கான ஆஸ்பத்திரியில். அண்ணன் போன் செய்தபோது ஒரு கையில் இடுக்கி, இடுக்கியில் கறித்துண்டு, எதிரே பொக்கை. பொக்கை என்பது ஒரு கழுகு. கம்பியில் மோதி மேல் அலகு பாதி போய்விட்டதால் அந்தப் பெயர். கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்கள் புதுபலம் அடைந்து கழுகைப்போல எழும்புவார்கள் என்ற வசனத்தை வைத்து ஞாயிறு பிரசங்கத்தில் கழுகைப் பற்றிப் பேசப் போவதாக அண்ணன் சொன்னார். நாற்பது வயதில் கழுகு பாறைக்குப் போய் அலகை மோதி உடைத்துக்கொள்ளுமாம், நகத்தையும் சிறகையும் பிடுங்கிப் போடுமாம், மாதக்கணக்கில் காத்திருந்தால் எல்லாம் புதிதாக முளைக்குமாம். உண்மையா என்று கேட்டார். பொக்கை இறக்கையை அடித்து ஒரே ரகளை. "இருக்கும்ணா" என்று சொல்லிப் போனை வைத்தேன். அலகு உடைந்த கழுகை எதிரில் வைத்துக்கொண்டு அப்படிச் சொன்ன புத்திசாலி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மறுநாள் அண்ணன் பிரசங்கத்தில் வெளுத்துக் கட்டினார். பாறையில் கழுகு தனியாக இருக்கும்போது காக்கைகள் சுற்றி வந்து இறங்கி வா, இறங்கி வா என்று கத்தும், கழுகு காது கொடுக்காது என்றார். நான் கதை விடவில்லை, பறவை ஆஸ்பத்திரியில் இருக்கும் என் தங்கையையே கேட்டுவிட்டேன் என்றும் சொன்னார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்து வைத்தேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அவருக்கு அந்த மாதம்தான் நாற்பது முடிந்திருந்தது. ஊசி போடுகிறவர் பஸ் ஓட்டக்கூடாது என்று புதிதாக விதி வந்து, அதற்கு முந்தைய மாதம் டிப்போவில் ஸ்டியரிங்கைப் பிடுங்கி, டிக்கெட் கட்டு எண்ணும் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் காதில் அந்தப் பிரசங்கம் எப்படி விழுந்திருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை.

மாடி ஏறும்போதே அண்ணன் குரல் கேட்டது. ஜெப அறைக்கு இரும்புக் கதவு, உள்ளே தாழ்ப்பாள். ஜன்னலில் கம்பி. அண்ணன் ஏற்கனவே தோளால் இடித்துப் பார்த்துச் சட்டையைக் கிழித்துக்கொண்டிருந்தார். தீயணைப்புக்குச் சொல்லியாயிற்று, வர அரை மணி ஆகுமாம். நான் தரையில் படுத்துக் கதவுக்கு அடியில் இருந்த இரண்டு விரல் இடைவெளியில் கண்ணை வைத்தேன். காலித் தண்ணீர் பாட்டில்கள் உருண்டு கிடந்தன. அவர் பாதம் தெரிந்தது. தொலைதூரம் ஓடி வந்தவர்போல ஆழமாக, வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அழுகிய பழ வாடை அடித்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் சர்க்கரை எகிறி அவர் முதல் முறை மயங்கி விழுந்த அன்றைக்கும் இதே வாடைதான். 

அண்ணன் கெஞ்சினார், அதட்டினார், போதகராகக் கட்டளையிடுகிறேன், உபவாசம் முடிந்தது என்றார். உள்ளேயிருந்து பதில் வந்தது.

"காக்கா வந்து கத்தும்னு நீங்கதானே மச்சான் சொன்னீங்க."

அண்ணன் கதவிலிருந்து கையை எடுத்தார். தன் பிரசங்கத்தால் பூட்டிய பூட்டுக்குத் தன்னிடமே சாவி இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு காலத்தில் குடியில் விழுந்து கிடந்த என் வீட்டுக்காரரை எழுப்பி நிறுத்தியவர் அவர்தான். அவர் சொல்லே எடுபடவில்லை என்றால் வேறு யார் சொல் எடுபடும்? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அண்ணன்மேல், உள்ளே கிடப்பவர்மேல், எல்லாரையும்விட என்மேல். இறங்கி வாருங்கள் என்று நானும் கத்தினால் இன்னொரு காக்கைதான். அதனால் அதைச் சொல்லவில்லை.

"என்னங்க, நான் பொய் சொல்லிட்டேன்" என்றேன் கதவுக்கு அடியில். "அண்ணன் கேட்டப்பவே அந்தக் கழுகுக் கதை நிஜமில்லைன்னு எனக்குத் தெரியும். போனை வைக்கிற அவசரத்துல இருக்கும்னு சொல்லிட்டேன். சபையிலயும் வாயைத் திறக்கல."

பாதம் லேசாக அசைந்தது.

பொக்கையைப் பற்றிச் சொன்னேன். அவருக்குத் தெரியாத பறவை இல்லை அது. அவர் கடைசியாகப் பஸ் ஓட்டிய வாரத்தில் சாலையோரம் கிடந்ததை, வண்டியை நிறுத்தி, தன் காக்கிச் சட்டையில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தவரே அவர்தான். அலகு உடைந்த கழுகு எந்தப் பாறைக்கும் போவதில்லை, பட்டினி கிடந்து சாகும் என்றேன். உடைந்த அலகின் எலும்பு திரும்ப முளைக்கவில்லை, முளைக்கவும் முளைக்காது. ஒரு நாளைக்கு இரண்டு வேளை நான் கறித்துண்டை வாய்க்குள் வைப்பதால்தான் அது உயிரோடு இருக்கிறது என்றேன்.

 பிறகு அவர் குரல், நாக்கு வறண்டு, ஒட்டி ஒட்டி வந்தது.

"அதுவா வாயைத் திறக்குமா?"

"முதல் ரெண்டு நாள் திறக்கல. குழாய் வச்சுத்தான் ஊத்தினோம். என் கையைக் கிழிச்சுது. மூணாம் நாள் திறந்துச்சு."

"வெட்கமா இருக்காதா அதுக்கு? கழுகாச்சே."

டிக்கெட் கட்டு எண்ணும் அறைக்கு முதல் நாள் போய்விட்டு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்ட மனிதர் கேட்கும் கேள்வி அது. 

"இருந்திருக்கும். ஆனாலும் திறந்துச்சு."

பாதம் கண்ணிலிருந்து மறைந்தது. உடம்பு தரையில் இழுபடும் சத்தம். கதவில் ஏதோ மோதியது. தாழ்ப்பாள் பாதி நகர்ந்து நின்றது. தாழ்ப்பாள் இறுகாமலிருக்க அண்ணன் கதவைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்து, "இன்னும் கொஞ்சம் மாப்பிள்ளை, இன்னும் கொஞ்சம்" என்று முனகினார். கீழே ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விடுபட்டது.

அவர் கதவோரமாகச் சரிந்து கிடந்தார். கண் உள்ளே போயிருந்தது. என்னைப் பார்த்ததும் சட்டைக் கையை மேலே தள்ளி, ஊசிக்கு நீட்டுவதுபோலக் கையை நீட்டினார். அந்தக் கையை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மற்றதை மேலே ஏறி வந்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு இரவு பகல் சலைன் ஏறியது. வெளியே பெஞ்சில் அண்ணன் கிழிந்த சட்டையோடு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் என்னிடம், அப்படியானால் கழுகு நிஜமாக எப்படித்தான் புதிதாகிறது என்று கேட்டார். இந்த முறை என் கையில் இடுக்கி இல்லை, பொறுமையாகச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பிரசங்க மேடையில் ஏறவில்லை. கீழேயே நின்று, போன வாரம் சொன்ன கழுகு எங்கேயும் இல்லை, சரியாக விசாரிக்காமல் சொன்னேன், அதனால் என் மாப்பிள்ளை செத்துப் பிழைத்தார், என்னை மன்னியுங்கள் என்றார்.  கர்த்தருக்குக் காத்திருப்பது என்றால் வைத்தியரைத் தள்ளி வைப்பது இல்லை என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. கழுகு சிறகை மொத்தமாக உதிர்ப்பதில்லை, இந்த இறக்கையில் ஒன்று விழுந்தால் கொஞ்ச நாளில் அந்த இறக்கையிலும் அதே இடத்தில் ஒன்று விழும், அங்கே முளைத்த பிறகுதான் அடுத்தது என்றேன். முழுக்கப் புதிதாக வருடக்கணக்கில் ஆகும், அத்தனை நாளும் அது பறந்துகொண்டும் தின்றுகொண்டும்தான் இருக்கும் என்றேன். அவ்வளவுதான். உட்காரப் போனேன்.

 மூன்றாவது வரிசையில் ஒரு தையல்காரம்மா, வலிப்பு நோய் உள்ளவர், கைப்பையைத் திறந்து துழாவினார். மாத்திரை அட்டை ஒன்றை எடுத்தார். ஒரு மாத்திரையும் பிரிக்காத அட்டை. தலையைக் குனிந்தபடியே, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்.

அவருக்குப் பின்னால் இன்னொரு கைப்பை திறக்கும் சத்தம் கேட்டது.