மேல் வளையம், கீழ் வளையம்

1

மறைப்பானேன், இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையதல்ல, வழிகாட்டியம்மாவுடையது. (என்னுடையது பின்னால் வருகிறது.)

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'நான்கு மதத்துக் கோபுரங்களும் ஒரே தெருவில் நிழல் பரப்பும் அந்தப் புராதன நகரத்தில்…' சேச்சே! சுற்றுலாக் கையேடு தோற்றது போங்கள். அடித்துவிட்டேன்.

2

அந்தத் தெருவில் ஒரு நீலக் கதவு. தட்டுவதற்கு மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு இரும்பு வளையங்கள். ஏன் இரண்டு என்று ஆறு வருடத்துக்கு முன் ஒரு பயணி கேட்டுவைத்தார். தெரியாது என்றால் வழிகாட்டிக்கு மரியாதை என்னாவது? வாய்க்கு வந்ததை அளந்துவிட்டாள்.

"இங்க ரெண்டு குடும்பம் இருந்துச்சுங்க. ரெண்டு மதம், ரெண்டு மொழி. வந்திருக்கிறது யார் வீட்டு விருந்தாளின்னு சத்தத்தை வச்சே கண்டுபிடிப்பாங்க."

பயணிகள் உருகிப்போனார்கள். மற்ற வழிகாட்டிகளும் பிடித்துக்கொண்டார்கள். போன வருடம் நகராட்சியே அதைப் பலகையில் எழுதித் தெருமுனையில் நட்டுவிட்டது.

3

இன்று அவளுடைய அடையாள அட்டையைப் புதுப்பிக்கும் நாள். தேர்வு அதிகாரி கூட்டத்தோடு கூட்டமாக வருகிறார். அட்டை போனால் பிழைப்பே போச்சு. (அவருக்கு முதலில் மீசை வைத்தேன். வில்லனாகிவிட்டார். எடுத்துவிட்டேன்.)

அதிகாரி தெருமுனையில் பலகையைப் படித்துக்கொண்டிருக்க, அவள் வழக்கம்போல மேல் வளையத்தைத் தட்டிக்காட்டினாள். கதவு படாரென்று திறந்தது. குள்ளமாக ஒரு வீட்டுக்காரம்மா.

"ஆறு வருஷமா தட்டிட்டுத் தட்டிட்டுப் போறது நீதானா? திறந்து பார்த்தா ஒரு ஈ காக்கா இருக்காது!"

"மன்னிச்சிடுங்கக்கா… அந்த ரெண்டு குடும்பத்துக் கதை…"

"எந்த ரெண்டு குடும்பம்? மேல இருக்கிறது எனக்கு எட்டாது. கல்யாணமான புதுசுல அவர்தான் கீழ ஒண்ணு அடிச்சுக் குடுத்தார். இப்ப அவரும் இல்லை. உன் கதையில அவரை எங்கம்மா காணோம்?"

வழிகாட்டிக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

4

அதிகாரி வந்து சேர்ந்தார். "சொல்லுங்கம்மா, எதுக்கு ரெண்டு வளையம்?"

முடிவு ஒன்று: உண்மையைக் கேட்டு அதிகாரி நெகிழ்ந்து, பலகையை மாற்றச் சொல்லி, அட்டையையும்… நடக்கிற காரியமா இது?

முடிவு இரண்டு: அவள் பலகையில் உள்ளதையே ஒப்பித்துவிட, வீட்டுக்காரம்மா கதவைச் சாத்திக்கொண்டு… வேண்டாம், எனக்கு மனசு வரவில்லை.

முடிவு எனக்குத் தெரியும் என்று இவ்வளவு நேரம் நடித்தேனே, அதுதான் என் பொய்.

வழிகாட்டியின் கை கதவுக்குப் போகிறது. வீட்டுக்காரம்மா அந்தக் கையையே பார்க்கிறாள். மேல் வளையம் என்றால் அட்டை பிழைக்கும். கீழ் வளையம் என்றால் அதை அடித்துக் கொடுத்த மனுஷர் பிழைப்பார்.

எனக்கு எட்டவில்லை. நீங்கள் தட்டுங்கள்.