திரும்பிய தூசி

எங்கள் சொந்தபந்தத்தில் யாருக்காவது பறக்கும் தட்டு வீடியோ வந்தால், அடுத்த நிமிடமே அது என் வீட்டுக்காரர் மயில்சாமியின் போனுக்கு வந்துவிடும். விண்வெளியைப் பற்றி அவர் படித்ததெல்லாம் கிடையாது. ராசிபுரத்தில் போர்வெல்லுக்குள் கேமரா இறக்கிப் பார்ப்பதுதான் தொழில். விளக்கு கட்டிய கேமராவை உள்ளே விட்டு, எங்கே ஊற்று இருக்கிறது, எங்கே மண் அடைத்திருக்கிறது என்று மேலே திரையைப் பார்த்துச் சொல்வார். அந்தத் திரையில் நாள் முழுக்கத் தூசி மிதப்பதைப் பார்க்கிற கண், விண்வெளி வீடியோவிலும் தூசியைத்தான் பார்த்தது. பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகவும் இருந்துவிட்டது. அதுதான் வினை.

"கேமராவுக்கு மூக்குக்கிட்டப் பறக்குற துணுக்குங்க அது" என்பார். "ரொம்பக் கிட்ட இருக்கறதுனால ஃபோகஸ் ஆவாது. வட்டமா, தட்டாட்டம் தெரியும். வெயில் பட்டா மின்னும்." விண்வெளியிலிருந்து வரும் நேரலைப் படம் திடீரென்று நின்றுபோனால் எதையோ மறைக்கிறார்கள் என்று சொல்பவர்களுக்கும் பதில் வைத்திருந்தார். "மழை வந்தா நம்மூட்டு டிவி கூடத்தான் நின்னுபோவுது. அதையும் அமெரிக்காக்காரனா மறைக்கறான்?" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். கட்டிய புருசனை நாலு பேர் மெச்சினால் எவளுக்குக் கசக்கும்.

என் தம்பி அன்புக்கு ஆட்டையாம்பட்டிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. கல்யாணமான வருசம் அவனே குழி வெட்டி வைத்த மரங்கள், இப்போதுதான் நல்ல காய்ப்புக்கு வந்திருந்தன. போன கோடையில் போர் கைவிட்டது. மோட்டாரைப் போட்டால் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும், அப்புறம் வெறும் காற்றுதான். டேங்கர் தண்ணீர் வாங்கி ஊற்றியே ஓய்ந்துபோனான். செங்கல் சூளைக்காரர் ஒருவர் மரங்களைக் கேட்டு வந்துபோய்க்கொண்டிருந்தார்.

"மாமா, ஒருக்கா கேமரா உட்டுப் பாருங்க" என்று இவரிடம் வந்து நின்றான். "போர்ல உசுரு இருக்குதுன்னு சொன்னீங்கன்னா, எப்பாடு பட்டாவது மழை வரைக்கும் ஓட்டிக்கறேன். இல்லீன்னா மரத்தைக் குடுத்தர்றேன்."

அன்றைக்கு நானும் தோப்புக்குப் போயிருந்தேன். கேமரா இறங்கி, அடியில் தேங்கிக் கிடந்த தண்ணீருக்குள் போனது. திரையில் தூசி அங்கங்கே மிதந்தது. அந்த நேரம் பார்த்து இவருக்கு யாரோ போன் செய்தார்கள். பறக்கும் தட்டு சமாச்சாரம்தான். காதில் போனை இடுக்கிக்கொண்டு, ஒரு கையில் கேபிளைப் பிடித்துக்கொண்டு, வாய் கிழிய விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் தூசியெல்லாம் திரும்பி, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பக்கமாகப் போனது. அன்பு திரையில் விரலை வைத்தான்.

"மாமா, இதப் பாருங்க. எல்லாம் ஒரே பக்கமாப் போவுது."

இவர் பேச்சை நிறுத்தாமல் ஒரு பார்வை பார்த்தார். "தூசிடா மாப்ள. கேமரா ஆடுனா அதுவும் ஆடும். போர் செத்துப்போச்சு, உட்டுரு" என்று சொல்லிவிட்டுக் கேபிளைச் சுற்ற ஆரம்பித்தார்.

எங்கள் பக்கத்தில் அக்கா புருசன் ஒன்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. இன்னொரு கேமராக்காரரைக் கூட்டிவந்து பார்த்தால், அது அவர் மூஞ்சியில் அடித்த மாதிரி. ஊர் முழுக்க அவரைத்தான் கூப்பிடுகிறது, சொந்த மச்சினன் நம்பவில்லை என்று பேச்சாகிவிடும். அன்பு அதை நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டான். நான் இருக்கிறேனே என்பதற்காகவும்தான். மறு வாரம் மரமெல்லாம் சூளைக்குப் போயிற்று. அவன் போர் போடுகிற ரிக் வண்டி ஓட்ட வடக்கே போய்விட்டான்.

ஆவணியில் எங்கள் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. மழை இன்னும் பிடிக்கவில்லை. அன்பு லீவு போட்டு வந்திருந்தான். கறுத்து, வற்றிப்போயிருந்தான். பந்தி முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, காது குத்திய பையனின் சித்தப்பா தீனதயாளன் ஒரு வீடியோவைக் காட்டினார். விண்வெளி நிலையத்தில் இருந்து எடுத்தது. கீழே பூமி, ஓரத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி. நேராகப் போன புள்ளி சட்டென்று திரும்பி வேறு பக்கம் போயிற்று.

"இது தூசின்னா எப்படிங்க திரும்புது?" என்றார் தீனதயாளன். "உள்ள ஆள் இருந்தாத்தானுங்களே திருப்ப முடியும்?"

இவருக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி இருந்திருக்கும். சட்டையை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த நிலையத்தைத் திருப்பறதுக்குன்னே சின்னச் சின்ன இன்ஜின் இருக்குதுங்க. அதுலருந்து காத்துப் பீச்சும். பக்கத்துல மிதக்குற ஐஸ் துணுக்கு மேல அது பட்டா, துணுக்கு அந்தப் பக்கமாப் போவும். தூசிக்கென்ன ஸ்டீயரிங்கா இருக்குது? அது தானாத் திரும்பாது. திரும்புதுன்னா ஏதோ ஒண்ணு தள்ளுதுன்னு அர்த்தம்."

எல்லோரும் சிரித்தார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த அன்பு மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப எம் போர்ல தள்ளுனது எதுங்க மாமா?" என்று கேட்டான்.

குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. குத்திப் பேச அவனுக்குத் தெரியாது. ஒரு நல்ல பதில் இருக்கும் என்று நம்பித்தான் கேட்டான்.

இவர் மூஞ்சி செத்துப்போயிற்று. கேமரா விடுகிற போரையெல்லாம் பதிவு செய்து போனில் வைத்திருப்பார். அதைத் தேடி எடுத்தார். நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். படத்தில் இவர் குரல்தான் முதலில் கேட்டது. தட்டைப் பற்றி யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். பின்னால் பாறைச் சுவர் அசையாமல் இருந்தது. கேமரா ஆடவே இல்லை. தூசி மட்டும் பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது. "போர் செத்துப்போச்சு" என்ற இடத்தில் போனை அணைத்துவிட்டார்.

"ஊத்து ஓடிட்டுத்தான் இருந்திருக்குது மாப்ள" என்றார். "வாய்ல மண்ணு அடைச்சிருக்குது. கம்ப்ரஸர் வச்சுக் காத்தடிச்சு ஃப்ளஷ் பண்ணியிருந்தாப் போதும்."

இப்போதாவது அதைச் செய்து பார்த்துவிடுகிறேன் என்று கிளம்பினார். வேண்டாம் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். இனிமேல் தெரிந்து என்ன ஆகப்போகிறது. இவர் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்துக் கம்ப்ரஸர் வண்டியோடு அன்புவையும் என்னையும் கூட்டிக்கொண்டு தோப்புக்குப் போனார். தோப்பு என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறேன், இருந்ததெல்லாம் அடிக்கட்டைகள்தான். காற்றை உள்ளே விட்டதும் முதலில் சேறு வந்தது, அப்புறம் கலங்கல், அப்புறம் தெளிந்த தண்ணீர், இடைவிடாமல். பழைய வாய்க்காலில் இறங்கி, ஒவ்வொரு மரத்தின் பாத்தியாகப் போய் நிறைந்தது. பாத்தி நடுவில் கட்டைகள் நனைந்தன.

இவர் அழுததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். "என்னைய ரெண்டு வார்த்தை வைதுபோடு மாப்ள" என்று அன்புவின் கையைப் பிடித்தார்.

அன்பு கையை உருவிக்கொள்ளவில்லை. இன்னொரு கையால் தண்ணீரை அள்ளி வாய் கொப்பளித்தான். நல்ல தண்ணீர்தான் என்று அவன் முகத்தில் தெரிந்தது.

"நிறுத்தச் சொல்லுங்க மாமா" என்றான். "சும்மா போவுது. எதுக்குப் பாயுது?"

இவர் கம்ப்ரஸர்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினார். அவர் நிறுத்தினார்.