நடந்து வருவதாகச் சொன்னவர்

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பிலிருந்து வந்தது. தண்டுவடத்தில் அடிபட்டவர்கள் ஆண்டுதோறும் எங்கள் மருத்துவமனைக்குப் பரிசோதனைக்கு வர வேண்டும். வராதவர்களை அழைத்துக் கேட்பது என் வேலை. யாரும் எடுக்காவிட்டால் எனக்கு நிம்மதி. அன்று ஒருவர் எடுத்தார்.

"நடந்து வரேன்னு சொல்லிட்டு வந்தேம்மா. இன்னும் நடக்கல."

வைத்துவிட்டார். அவரைப் பற்றி வேறொன்றும் தெரியாது. இனி வருபவர் நான் உண்டாக்கியவர்.

2

அவர் ஒரு சோம்பே

(இல்லை. வராதவர்களைப் பற்றி எப்போதும் இப்படித்தான் தொடங்குகிறோம்.)

அவருக்கு வண்டி கிடைப்ப

(கிடைக்கிறது. மனைவியின் தம்பி வேன் ஓட்டுகிறான்.)

அவருக்கு வலியே இல்லை.

இது நிற்கட்டும். மார்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. சிறுநீரகம் கெட்டாலும் உடம்பு வாய் திறக்காது. ஆனால் இது பாதிக் காரணம்தான்.

3

கட்டடங்களுக்கு வண்ணம் அடித்தவர், சாரத்திலிருந்து விழுந்தார். இப்போது பெயிண்ட் கடையில் சக்கர நாற்காலியில் அமர்ந்து வண்ணம் கலக்குகிறார். பழைய சுவரின் ஒரு சில்லைக் கொண்டுபோனால் போதும். கறுப்பைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அதே நிறத்தை வரவழைத்துவிடுவார்.

கனவில் இன்னும் சாரம் ஏறுகிறார். சுவருக்கு முடிவே இல்லை. பிரஷ் பட்ட இடமெல்லாம் ஈரமாக வெளிச்சம் பரவுகிறது. கீழே யாரோ கூப்பிடுகிறார்கள். "இதோ" என்கிறார், இறங்க மனமில்லை. விழித்த பிறகும் கொஞ்ச நேரம் கால்கள் மேலேயே எங்கோ நிற்கின்றன.*

* இந்தக் கனவு அவருக்குத் தேவையா, எனக்கா? அழித்துப் பார்த்தேன். வெறும் நோயாளி ஆகிவிட்டார். திரும்ப எழுதினேன்.

4

வார்டிலிருந்து கிளம்பிய அன்று, பிசியோதெரபிப் பயிற்சி கொடுத்த அம்மா சிரித்துக்கொண்டே, "அடுத்த தடவை நடந்து வரணும்" என்றார். வழியனுப்பும்போது எல்லோரிடமும் சொல்வதுதான். இவர் வார்டு முழுக்கக் கேட்கும்படி, "நடந்துதான் வருவேன்" என்றுவிட்டார். படுத்திருந்தவர்களெல்லாம் கை தட்டினார்கள்.

ஒவ்வோர் ஆண்டும், கொஞ்சம் நடக்கப் பழகிவிட்டுப் போகலாம் என்று தள்ளிப்போட்டார்.

5

இந்த மாதம் இரண்டாவது தடவையாகக் காய்ச்சல். சிறுநீர் கலங்கிப் போகிறது. இனியும் தள்ளினால் சிறுநீரகம் தாங்காது.

"வேன் வந்தாச்சு, கிளம்புங்க" என்றாள் மனைவி.

"காய்ச்சல் விட்டுடுச்சு."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

மைத்துனன் எட்டிப் பார்த்தான். "மாமா, சீக்கிரம்! வழிய மறிச்சு நிறுத்தியிருக்கேன். பின்னாடி லாரிக்காரரு என் பரம்பரையையே இழுக்கறாரு."

"அங்க போயி எந்த முகத்த வச்சுக்கிட்டு நிக்கறது?" என்றார் அவர், மனைவியிடம்.

"நிக்கவா சொன்னாங்க? உக்காந்துக்கிட்டே போங்க."

"நடந்து வருவேன்னு சொன்னேன்டி. எல்லாரும் கை தட்டினாங்க."

அவள் பையைக் கீழே வைத்தாள்.

"இதுக்காகவா? இத்தன வருஷமா?"

அவள் அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

6

முதல் முடிவு: போகிறார், ஸ்கேன் எடுக்கிறார்கள், பிழைத்துக்கொள்கிறார். (மருத்துவமனைச் சுவரொட்டி மாதிரி இருக்கிறது.)

இரண்டாம் முடிவு: வேன் காலியாகத் திரும்புகிறது. பெயிண்ட் கடையில் அவருடைய

(இதை எழுத மாட்டேன்.)

அவர் கைகள் சக்கரங்களின் மேல் இருக்கின்றன. வாசல்வரை வந்துவிட்டார். அங்கே நாற்காலியை நிறுத்தி என்னைப் பார்க்கிறார்.

"பயிற்சி குடுத்த அந்தம்மா கிட்ட என்னம்மா சொல்லட்டும்? அத மட்டும் சொல்லு, போறேன்."

ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "இது புத்தகத்துல பேசற மாதிரி இருக்கும்மா" என்று திருப்பித் தந்தார். இன்னொன்று எழுதினேன். அதையும் திருப்பித் தந்தார்.

வேன் இன்னும் நிற்கிறது. நீங்கள் ஒன்று சொல்லிப் பாருங்கள். மெதுவாகச் சொன்னால் போதும், பக்கத்தில்தான் இருக்கிறார்.